மூக்கடியில் ஒரு கறுப்புக் கோடு

போன தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் என் கணவர் மகனுக்கு ஒரு தகரத் துப்பாக்கி வாங்கி வந்தார். கூடவே நான்கு சுருள் கேப்பு. சிவப்புத் தாளில் மிளகளவு மருந்தைப் பொட்டுப் பொட்டாக வைத்து ஒட்டியிருப்பார்களே, அதுதான். ஐந்து வயதுப் பிள்ளை கையில் கண்ணாடி டம்ளர் இருந்தாலே எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். துப்பாக்கி என்றால் கேட்கவா வேண்டும். அவன் காதுகளில் பஞ்சு வைத்தேன். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்தேன். பஞ்சு வைத்தால் நான் கூப்பிடுவது கேட்காதே என்று தோன்றியதும் ஒரு காதுப் பஞ்சை மட்டும் எடுத்தேன்.

கணவர் நாளிதழை மடித்துவிட்டு, "பொம்பாவுக்கும் சொல்லி அனுப்பிட்டியா, வண்டியோட வந்து நிக்கட்டும்" என்றார். பொம்பா என்றால் எங்கள் ஊரில் தீயணைப்புப் படை.

பிள்ளை சுட்டான். ஒரு சுருள் தீர்ந்ததும் என்னிடம் ஓடி வந்து துப்பாக்கியை நீட்டினான். "மா, இங்க கறுப்பாயிருச்சு." விசையை இழுத்ததும் குதிரை என்கிற சுத்தி வந்து அடிக்கும் இடத்தில் கரி படிந்திருந்தது. கசப்பும் உப்புமாக அந்தப் புகை வாசனை. நான் யோசிக்கவே இல்லை. சேலைத் தலைப்பை எடுத்துத் துடைத்துக் கொடுத்துவிட்டேன். துடைத்த பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் துப்பாக்கி எதுவும் இருந்ததில்லை. சாமி மாமா வீட்டில் இருந்தது.

மலாக்காவில், காஜா பெராங்கில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டிலிருந்து இரண்டு சந்து தள்ளி, கம்போங் செட்டியில் அவர் வீடு. பல தலைமுறைக்கு முன்பே இந்த ஊரில் குடியேறி, கோயிலை விடாமல் தமிழை மட்டும் விட்டுவிட்ட செட்டிகளின் கிராமம் அது. நெற்றியில் திருநீறு, இடுப்பில் சாரோங், வாயில் மலாய். தமிழ் அவருக்கு அண்ணே, மாமா, சாமி, சோறு போன்ற பத்துப் பதினைந்து சொற்கள்தான். ஆனால் எங்கள் அப்பாவோடு மணிக்கணக்கில் பேசுவார். அவர் பேசியதை நான் இங்கே தமிழில்தான் எழுதுகிறேன். அப்பா பஸ் பட்டறையில் ஃபிட்டர். ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, பட்டணத்தில் கடைசல் மிசின் பழகியவர். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது இரும்பு ஒன்றுதான் என்று அம்மா சொல்வார். இரும்பும் கறுப்புக் காப்பியும் என்று திருத்த வேண்டும்.

அந்தத் துப்பாக்கி ஏறக்குறைய என் உயரம். வாய் வழியாக மருந்தைக் கொட்டி, துணியை வைத்து, குண்டைப் போட்டு, கம்பியால் இடித்து நிரப்புகிற பழைய வகை. முப்பாட்டனார் ஒல்லாந்துக்காரரிடம் வாங்கியது என்பார் சாமி மாமா. அப்பா நம்பமாட்டார். கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரர்கள் அறிவித்த அவசரகாலம் நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. ஒரு தோட்டா கையில் இருந்தாலே உயிர் போகும் என்று துப்பாக்கி என்ற சொல்லையே மெதுவாகச் சொன்ன காலம். எங்கள் பக்கம் கொஞ்சம் அடங்கிய பிறகு, புக்கிட் ரம்பாயில் இருந்த அவருடைய பழத்தோட்டத்தில் பன்றி விரட்ட என்று லைசன்ஸ் கொடுத்திருந்தார்கள். போலீஸ் நிலையத்தில் இருந்த அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதனால பன்னிக்கு ஒரு ஆபத்தும் இல்ல, உனக்குத்தான்" என்றாராம். இதைச் சொல்லிச் சொல்லிச் சாமி மாமா சிரிப்பார். நாங்களும் சிரித்தோம்.

அதிகாரி சொன்னதில் தப்பில்லை. விசையை இழுத்தால் குதிரையின் வாயில் கடித்திருக்கும் சக்கிமுக்கிக் கல் இரும்பில் உரசும். பொறி பறந்து, வெளியே ஒரு சின்னத் தட்டில் கொட்டி வைத்த மருந்தில் விழும். அது குப்பென்று எரிந்து, பக்கத்துத் துளை வழியாக உள்ளே நெருப்புப் போய், அதற்குப் பிறகுதான் குண்டு கிளம்பும். அதற்குள் பன்றி இரண்டு பாத்தி தாண்டிவிடும். முகத்துக்கு ஒரு சாண் தள்ளித் தீ எழுவதால் சுடுகிறவர் கண்ணை மூடாமல் இருக்க முடியாது. சாமி மாமாவுக்கு வலது புருவம் பாதிதான் இருந்தது. காற்றில் ஈரம் இருந்தால் பொறியே பிடிக்காது. மலாக்காவில் ஈரம் இல்லாத நாள் எது.

அந்த வருடம் ஒரு பெரிய ஆண் பன்றி அவருடைய மரவள்ளியை முழுக்கத் தோண்டிப் போட்டது. அது போதாதென்று, அவரோடு எப்போதும் நடந்து வரும் கெச்சில் என்ற நாயின் வயிற்றைக் கிழித்துவிட்டது. நாயைத் தோட்டத்திலேயே புதைத்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து, காப்பியைக் கூடத் தொடாமல், "அண்ணே, அவனுக்கு ஒரு குண்டு, நேரா" என்றார்.

அப்பா துப்பாக்கியைக் கையில் வாங்கிப் பார்த்தார். "கல்லைத் தூக்கிப் போட்டுட்டு கேப்பு வச்சுருவோம் சாமி. தட்டு வேணாம், பொறி வேணாம். அடிச்சா உள்ளுக்குள்ளயே பத்திக்கும்."

அப்போது எனக்குப் பதினெட்டு வயது. சீனியர் கேம்பிரிட்ஜ் முடித்துவிட்டு, தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியையாகச் சேர்ந்து சில மாதங்கள்தான். அதனால் சாமி மாமா என்னைக் கூப்பிட்டது சிக்கு என்று. மலாயில் ஆசிரியருக்கு அப்படித்தான். துப்பாக்கியை மாற்றி அமைக்க அனுமதி கேட்டு ஆங்கிலத்தில் கடிதம் எழுதும் வேலை என்னிடம் வந்தது. மூன்று முறை எழுதிக் கிழித்து நான்காவதைக் கொடுத்தேன். 'பணிவுடன்' இரண்டு தடவை வந்துவிட்டதோ என்று ஒரு வாரம் தூக்கமில்லை. அனுமதி வந்தது.

அப்பா செய்தது இதுதான். பக்கத்துத் துளையைப் பெரிதாக்கி, உள்ளே மரை வெட்டி, விரல் நுனியளவு எஃகுக் குமிழ் ஒன்றைக் கடைந்து திருகினார். அதன் நடுவே ஊசித் துளை. தலையில் செம்புக் கேப்பைத் தொப்பி மாதிரி மாட்டலாம். புதிய குதிரை வந்து தட்டினால் நெருப்பு நேரே உள்ளே இறங்கும். அந்தக் குமிழுக்கு அப்பா வைத்த பெயர் மூக்கு. குழல் பழைய இரும்பு, சுவரும் மெலிசு. அதனால் மூக்குக்கு மூன்றரைச் சுற்று மரைதான் கிடைத்தது. "அஞ்சு இருந்தா மனசுக்கு நல்லா இருக்கும்" என்று அப்பா அம்மாவிடம் சொன்னது எனக்குக் காதில் விழுந்தது. அம்மா மீனை ஆய்ந்துகொண்டே, "உங்களுக்கு எதுலதான் மனசு நல்லாருந்துச்சு" என்றார். இந்தக் குணம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று பேரும் புக்கிட் ரம்பாய்க்குப் போவோம். நான் எதற்கு என்றால், எழுத. அப்பா ஒரு பள்ளி நோட்டில் இருபது வெடிக்குக் கட்டம் போட்டிருந்தார். எத்தனையாவது வெடி, எவ்வளவு மருந்து, பலகையில் எங்கே ஓட்டை, கடைசியில் 'துப்பாக்கியின் நிலை'. முதல் மூன்று வெடிக்குத் துப்பாக்கியை ஒரு அடிமரத்தில் கட்டி, தூரத்திலிருந்து கயிற்றால் விசையை இழுத்தார்கள். அப்பா அவ்வளவு ஜாக்கிரதை. லைசன்ஸ் சாமி மாமா பேரில் இருப்பதால் கயிற்றை அவர்தான் இழுக்க வேண்டும் என்பதிலும் ஜாக்கிரதை.

ஒவ்வொரு வெடிக்கும் பிறகு இரண்டு பேரும் பலகையைப் பார்க்க ஓடுவார்கள், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி. கரிமருந்து இரும்பை அரித்துவிடும் என்பதால் அந்த நேரத்தில் நான் வெந்நீரில் நனைத்த துணியால் துப்பாக்கியைத் துடைத்து வைக்க வேண்டும். அவர்கள் திரும்பி வரும்போது அது பளிச்சென்று இருக்கும். அப்பா மூக்கை விரலால் தடவிப் பார்ப்பார். நான் கடைசிக் கட்டத்தில் 'சுத்தம்' என்று எழுதுவேன். அப்பா ஒரு சின்னக் கையெழுத்துப் போடுவார். அதற்குப் பிறகுதான் அடுத்த வெடி.

பள்ளியில் எனக்குத் திங்கட்கிழமை வேலையே அதுதான். பிள்ளைகளின் நகத்தையும் காதையும் பார்த்து, அழுக்கிருந்தால் நானே துடைத்துவிட்டு, 'சுத்தம்' என்று பதிவது. துடைத்த பிறகு எழுதுவதா, துடைக்கும் முன்னால் எழுதுவதா என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆறாவது வெடிக்குப் பிறகு குதிரையின் கழுத்தில் ஒரு விரிசல் தெரிந்தது எனக்கு. சத்தம் போட்டு இரண்டு பேரையும் நிறுத்தினேன். அப்பா அங்கேயே பாயை விரித்து எல்லாவற்றையும் கழற்றினார். விரிசல் இல்லை. தேங்காய் நார் ஒன்று ஒட்டியிருந்தது. திரும்பப் பூட்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஒரு ஞாயிறு முழுக்க வீண். பஸ்ஸுக்கு நடந்து வரும்போது சாமி மாமா, "அடுத்த வாரம் சிக்கு பூதக்கண்ணாடி கொண்டு வருவாங்க, அண்ணே. நாம மூணு வருஷம் கழிச்சுப் பன்னி சுடலாம்" என்றார். அப்பா அவ்வளவு சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. நானும் சிரித்தேன். உள்ளே சுருங்கிப் போனேன்.

அடுத்த ஞாயிறு ஏழாவது வெடி. அவர்கள் பலகைக்கு ஓடினார்கள். நான் துணியை எடுத்தேன். மூக்கின் அடியில், இரும்போடு இரும்பு சேரும் இடத்தில், மயிரிழை போல ஒரு கறுப்பு. கண்ணுக்கு மையிட்ட மாதிரி. முன் ஆறு வெடியிலும் அது இல்லை. அது எனக்குத் தெரியும். சொல்லலாமா என்று நினைத்தேன். கரிமருந்தில் எங்கேதான் கறுப்பு இல்லை என்றும் நினைத்தேன். நார் ஞாபகம் வந்தது. அங்கே பலகைப் பக்கம் அப்பா கையைத் தட்டிக்கொண்டு, "பாப்பா, நெத்திப்பொட்டுல" என்று கத்தினார்.

துடைத்தேன். 'சுத்தம்' என்று எழுதினேன்.

எட்டு, ஒன்பது, பத்து வெடிகளிலும் அந்தக் கோடு வந்தது. கொஞ்சம் தடித்துத்தான் வந்தது. மூன்று முறையும் துடைத்தேன். பத்து வெடியில் நாலு ஓட்டை ஒரு உள்ளங்கைக்குள் அடங்கியிருந்தன. போதும் என்று அப்பா துப்பாக்கியைச் சாமி மாமா கையில் கொடுத்தார். தனியாகக் கூட்டிப் போய் ஏதேதோ சொன்னார். நான் சாமான்களைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். என் காதில் விழவில்லை.

மெர்டேக்கா, நாட்டின் சுதந்திரம், வந்தது அதற்கடுத்த வாரம். பண்டார் ஹிலிர் திடலுக்கு நாங்கள் எல்லோரும் போனோம். சாமி மாமா தலைக்கட்டோடு, புதுச் சாரோங்கில். அவர் மனைவி மாக், வெளிர்பச்சைக் கெபாயாவில். அப்பா வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காற்சட்டை. அதில் பின்பக்கம் ஒரு எண்ணெய்க் கறை இருந்ததை யாரும் சொல்லவில்லை. கூட்டத்தில் தொலைந்துவிடக் கூடாது என்று இரண்டு பேரும் சின்ன விரலைக் கோத்துக்கொண்டு நின்றார்கள். அவ்வளவு வயதான ஆண்கள் அப்படி நின்றதைப் பார்த்து எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது அந்த நாளில் எனக்கு மிச்சம் இருப்பது அந்த இரண்டு விரல்கள்தான்.

அதற்குப் பின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மதியம். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கம்போங் செட்டியிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்து வாசலில் நின்றார். "சாமியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க. துப்பாக்கி." அப்பா கையைக் கழுவாமலே ஓடினார். அவர் சட்டையையும் நோட்டு கிடந்த என் பையையும் எடுத்துக்கொண்டு நான் பின்னால் ஓடினேன்.

பன்றியைக் குறி வைத்துச் சுட்டபோது மூக்கு மரையை அறுத்துக்கொண்டு பின்னால் பறந்திருக்கிறது. வலது கண். பன்றி ஓடிப்போனது.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஓர் அதிகாரி வந்து விசாரித்தார். அவருக்கு ஆங்கிலம், அப்பாவுக்குத் தமிழ். நடுவில் நான். யார் வெட்டிய மரை, எத்தனை முறை சுட்டுப் பார்த்தீர்கள், பழுது எதுவும் தெரிந்ததா. அப்பாவின் விரல்களில் சோறு காய்ந்து ஒட்டியிருந்தது. அவர் சொன்னார்:

"மரை தளர்ந்தா திடீர்னு போகாது ஐயா. முன்னாடி காட்டிக் கொடுக்கும். புகை கசிஞ்சு மூக்கடியில கறுப்புக் கட்டும். ஒவ்வொரு வெடிக்கும் பார்த்தோம். எம்மக எழுதியிருக்கு. ஒரு தடவைகூட இல்ல."

அந்தக் கறுப்பு என்னவென்று எனக்குத் தெரிந்தது அப்போதுதான். தெரிந்த அதே மூச்சில் அதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். இலக்கணம் தவறாமல், முழு வாக்கியமாக. 'ஒரு தடவைகூட இல்லை' என்பதையும் விடாமல். அதிகாரி நோட்டைப் புரட்டி, கடைசிக் கட்டத்தில் பத்து முறை இருக்கும் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டார். அதையும் சொன்னேன். ஒழுங்காகச் செய்திருக்கிறீர்கள், இது விபத்து என்று எழுதிக்கொண்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். துப்பாக்கியை நிலையத்துக்கு எடுத்துப் போனார்கள்.

என் நோட்டு அப்பாவைச் சட்டத்திலிருந்து காப்பாற்றியது. அதே நோட்டுதான் அவரைத் தண்டித்தது. முன்னறிகுறி எதுவும் இல்லை என்றால் அவர் வெட்டிய மரை முதலிலிருந்தே தப்பு என்றுதானே ஆகிறது. அன்று சாமி மாமாவின் கட்டில் பக்கம் நின்று, "என் கைதான் சாமி, என் கைதான்" என்றார். அதற்குப் பிறகு அவர் கம்போங் செட்டிக்குள் கால் வைக்கவே இல்லை. பட்டறைக்குச் சுற்று வழியாகப் போனார். பொங்கலுக்கு மாக் இலையில் மடித்து அனுப்பும் பூலுட் என்ற ஒட்டரிசிப் பலகாரத்தை நாங்கள் சாப்பிட்டோம். அப்பா எழுந்து கொல்லைப் பக்கம் போய்விடுவார். பட்டறையில் முடுக்கிய நட்டையே திரும்பத் திரும்ப முடுக்குகிறார் என்று பேச்சு வந்தது. அவரே கேட்டுக்கொண்டு ஸ்டோருக்கு மாறினார். அங்கே திருகாணிகளை எண்ணிக் கொடுக்கும் வேலை.

சில சாயங்காலங்களில் அந்த நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு பத்து வரிகளையும் விரலால் தடவித் தடவிப் படிப்பார். "எல்லாம் சுத்தம்னுதான் இருக்கு" என்பார், யாரிடமும் இல்லாமல். சொல்லிவிட வேண்டும் என்று நான் எத்தனையோ தடவை எழுந்திருக்கிறேன். சொன்னால் என்னை ஒன்றும் சொல்லமாட்டார். அதுவே பயமாக இருந்தது. என் கல்யாணம் முடியட்டும் என்று நினைத்தேன். குழந்தை பிறக்கட்டும் என்று நினைத்தேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காலை அப்பா முகம் கழுவப் போனவர் அங்கேயே விழுந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சாமி மாமா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து, யாரையும் கேட்காமல், பாடைக்குத் தோள் கொடுத்தார்.

மகனின் துப்பாக்கியைத் துடைத்த அந்த வாரம் அப்பாவின் நோட்டைத் தேடி எடுத்தேன். தீபாவளிக்கு மறுநாள் முறுக்கை ஒரு தகர டின்னில் போட்டுக்கொண்டு, தகரத் துப்பாக்கியைக் கையை விட்டு இறக்காத பிள்ளையையும் கூட்டிக்கொண்டு சாமி மாமா வீட்டுக்குப் போனேன். பையில் அந்த நோட்டு.

"சிக்குவா. உட்காரு. இவன்தான் துப்பாக்கிக்காரனா" என்றார். பிள்ளை மாக்கோடு உள்ளே போன பிறகு நான் எல்லாவற்றையும் சொன்னேன். நார், கோடு, துணி, தாழ்வாரம். அழாமல் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் பாடம் செய்திருந்தேன். முடியவில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சாரோங் நுனியில் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார்.

"எத்தனாவது வெடியில பார்த்த?"

"ஏழு, மாமா."

"பத்து வரைக்கும் நீ. எனக்குப் பதினொண்ணு." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நீ விட்ட இடத்துலேருந்து நான் துடைச்சேன், சிக்கு. பெருவிரலால."

எனக்குப் புரியவில்லை.

"உங்கப்பா அன்னிக்கு என்னைத் தனியாக் கூட்டிப் போனாரே. அடியில கறுப்பு வந்தா அன்னிக்கே கொண்டா, ஒரு வெடி வைக்காதேன்னு சொன்னாரு. கொண்டு போனா ஒரு மாசம் பிரிச்சு வச்சுக்குவாரு. பன்னி அந்த வாரம்தான் கெச்சிலைப் புதைச்ச இடத்தைத் தோண்டிப் போட்டுச்சு. பதினொண்ணாவது வெடியிலயே கறுப்பைப் பார்த்தேன்; துடைச்சுட்டு, இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணுன்னு நினைச்சேன்."

"அப்பாகிட்ட சொல்லலியா?"

"கட்டில்ல கிடந்தப்ப வெட்கம். அப்புறம் ரெண்டு தடவை பட்டறை வாசல் வரைக்கும் போனேன். என்னைப் பார்த்ததும் உங்கப்பா பஸ்ஸுக்கு அடியில போயிட்டாரு. வெளிய வரவே இல்ல. நான் அங்க குனிஞ்சு நின்னு அவர் செருப்பைப் பார்த்துட்டுத் திரும்பி வந்துட்டேன்."

மாக் காப்பி கொண்டு வந்து வைத்தார். கறுப்புக் காப்பி. இரண்டு பேரும் குடிக்கவில்லை.

புக்கிட் ரம்பாய் தோட்டம் இப்போது அவரிடம் இல்லை. ரம்புத்தான் மரங்களை வெட்டிச் செம்மண் பாதை போட்டு, வீடு கட்ட முளைக்குச்சி அடித்திருக்கிறார்கள். கெச்சிலைப் புதைத்த இடம் எந்தக் குச்சிக்குக் கீழே என்று அவருக்கே தெரியவில்லை. துப்பாக்கி நிலையத்துக்குப் போனது போனதுதான். பட்டறையும் இடம் மாறிவிட்டது. பழைய இடத்தில் எண்ணெய் ஊறிய தரை மட்டும் இருக்கிறது. கம்போங் செட்டி வழியாகப் போகாமலிருக்க அப்பா கண்டுபிடித்த அந்தச் சுற்று வழியில் இப்போது யாரும் நடப்பதில்லை. புல் மூடிவிட்டது.

வீட்டுக்கு வந்து நோட்டைப் பிரித்தேன். ஓரங்களைப் பூச்சி தின்றிருந்தது. பத்து வரிக்குக் கீழே, அப்பா கோடு போட்டு வைத்த பத்து வெற்று வரிகள். ஏழாவது வரியில் 'சுத்தம்' என்பதை அடித்துவிட்டு, மூக்கடியில் மயிரிழையாய்க் கறுப்பு என்று எழுதினேன். எட்டிலும் ஒன்பதிலும் பத்திலும் திருத்தினேன். பதினொன்றாம் வரியில் சாமி மாமா சொன்னதை எழுதினேன். மை காய்வதற்காக நோட்டை விரித்தபடி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுந்தேன். அப்பா பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அடுத்த வெடி என்பது எங்கள் வழக்கம்.